ஸ்பீக்கர் வயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், சிறிய வீட்டுக் கூடத்துக்கு ஏற்ற ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, அதற்குப் போகும் வயரைப் பற்றியே கேட்டிருந்தன. கடைகளில் கேட்கப்படும் விலைகளையும், அந்த விலைகளுக்குச் சொல்லப்படும் காரணங்களையும் படித்தபோது எனக்குக் கவலையாகவே இருந்தது. எனவே இம்முறை பகுதி முழுவதையும் வயருக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்கொடையில் ஒரு பங்கை ஒதுக்கி, நெடுநாள் ஆசையாக ஓர் ஆம்ப்ளிபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கினேன். மொத்தம் 85,000 ரூபாய் ஆயிற்று. இப்போது கடைக்காரர் 42,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி கேபிளைக் காட்டி, இது இல்லாவிட்டால் ஸ்பீக்கரின் பாதித் திறன் வீணாகும் என்கிறார். வாங்கலாமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: வாங்க வேண்டாம், ஐயா. பணத்தைக் கொடுத்த பிறகு எழுதாமல், கொடுப்பதற்கு முன் எழுதினீர்களே, அதுவே எனக்கு ஆறுதல்.

ஸ்பீக்கர் வயருக்கு உள்ள வேலை ஒன்றுதான். ஆம்ப்ளிபயர் தருகிற மின்னோட்டத்தை வழியில் விழுங்கிவிடாமல் ஸ்பீக்கரிடம் கொண்டு சேர்க்க வேண்டும். எவ்வளவு விழுங்குகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுவிடலாம். எலக்ட்ரிக்கல் கடையில் ‘ரெண்டரை ஸ்கொயர்’ என்று கேட்டால் கிடைக்கிற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு, ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மின்தடை ஏறக்குறைய 8 ஓம். உங்கள் ஆம்ப்ளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போவதற்கு ஒரு கம்பி, திரும்புவதற்கு ஒரு கம்பி, ஆக 10 மீட்டர். அதன் மின்தடை 0.08 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இது நூற்றில் ஒரு பங்கு. இதனால் ஒலி குறைவது 0.09 டெசிபெல் மட்டுமே. இரண்டு ஒலிக்கருவிகளை ஒப்பிட்டுச் சோதிப்பவர்கள், இரண்டின் அளவும் 0.1 டெசிபெல்லுக்குள் சமமாக இருந்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். மிகக் கடுமையான அந்த எல்லைக்குள்ளேயே சாதாரண வீட்டு வயர் அடங்கிவிடுகிறது. 42,000 ரூபாய்க் கேபிள் மின்தடையே இல்லாத அதிசயக் கம்பியாக இருந்தாலும் உங்களுக்கு மீட்டுத் தரக்கூடியது இந்த 0.09 டெசிபெல்தான். பாதித் திறன் வீணாகும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

வயர் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. தொலைபேசிக்குப் போடுகிற மெல்லிய கம்பியில், 0.2 சதுர மில்லிமீட்டர் அளவில், இதே தூரத்தைக் கடந்தால் மின்தடை 0.8 ஓமுக்கு மேல் போகும். அதாவது ஸ்பீக்கரின் தடையில் பத்தில் ஒரு பங்கு. ஸ்பீக்கரின் தடை எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதால், அப்போது சில பகுதிகள் சற்றுக் கூடியும் சில பகுதிகள் சற்றுக் குறைந்தும் ஒலிக்கும். கூர்ந்து கேட்பவருக்கு இது பிடிபடக்கூடும். போக வர உள்ள வயரின் தடை, ஸ்பீக்கர் தடையில் நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டாமல் இருந்தால் கவலையில்லை என்பது பழகிய விதி.

அந்த 42,000 ரூபாய் கையில் இருக்கட்டும். உங்கள் கூடத்தின் தரை டைல்ஸ், சுவர் வெறும் சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட அறையில் கைதட்டினால் ஒலி சுவருக்குச் சுவர் அடித்துக்கொண்டு நிற்கும். பாட்டின் தெளிவைக் கெடுப்பது அதுதான். ஸ்பீக்கருக்கும் நீங்கள் உட்காரும் நாற்காலிக்கும் நடுவே தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை மடித்து விரித்து, பக்கத்துச் சன்னல்களுக்குக் கனமான திரை போட்டுக் கேளுங்கள். ஒரு வாரத்தில் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கேபிளின் மேல் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், அந்தத் திசையில் மாட்டினால்தான் இசை சரியாகப் போகுமாம். 200 மணி நேரம் ஓடினால்தான் கேபிள் ‘பழகுமாம்’. ‘ஸ்கின் எஃபெக்ட்’ என்றும் ஏதோ சொல்கிறார்கள். இவற்றில் உண்மை எவ்வளவு? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: மூன்றும் மூன்று வகை. கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அது மட்டுமே உண்மையான இயற்பியல்.

மாறுமின்னோட்டம் கம்பியில் ஓடும்போது, அதிர்வெண் கூடக்கூட, மின்னோட்டம் நடுப்பகுதியை விட்டுக் கம்பியின் மேற்பரப்பை ஒட்டி ஓட முற்படும். இதுதான் ஸ்கின் எஃபெக்ட். ரேடியோ அலைகளைக் கையாளும் பொறியாளருக்கு இது பெரிய தொல்லை. நம் காதுக்கு எட்டுகிற ஒலியின் மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் செம்புக்குள் மின்னோட்டம் இறங்குகிற ஆழம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நாம் பேசுகிற ஸ்பீக்கர் வயரின் மொத்தக் குறுக்களவே 2 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆகவே மிக உச்சமான, நம் வயதில் பெரும்பாலோருக்குக் கேட்கவே கேட்காத அதிர்வெண்ணில்தான் சிறிதளவு தடை கூடுகிறது. அதையும் மேலே சொன்ன கணக்கில் சேர்த்தால் டெசிபெல்லில் நூற்றில் சில பங்குக்கு மேல் வராது. உண்மையான ஒரு விதியை எடுத்து, அது பொருந்தாத இடத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். முழுப் பொய்யைவிட இதைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

அம்புக்குறிக்கு வருகிறேன். ஸ்பீக்கர் வயரில் ஓடுவது மாறுமின்னோட்டம். தம்பூராவின் சுருதி ஒலிக்கும்போது ஒரு நொடிக்குள் அது நூறு தடவைக்கு மேல் திசை மாறிவிடுகிறது. போகும்போது நல்ல கம்பியாகவும் திரும்பும்போது கெட்ட கம்பியாகவும் இருக்கிற செம்பு கிடையாது. ஆனால் ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பிளேயரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் சில கேபிள்களில், இரைச்சலைத் தடுக்கிற வெளிவலையை ஒரு முனையில் மட்டும் இணைத்திருப்பார்கள். அந்த முனை எது என்று காட்டுவதற்கு அம்பு போடுவது நியாயமானது.

200 மணி நேரம் என்பதற்கு அடிப்படையே இல்லை. புது ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் ஓட ஓடச் சற்று இளகும். அது அசைகிற பொருள். செம்புக் கம்பியில் இளகுவதற்கு ஒன்றுமில்லை. நாளைக்கு 2 மணி நேரம் கேட்டால் 200 மணி நேரத்துக்கு 100 நாள் ஆகும். அதற்குள் உங்கள் காது புதிய ஒலிக்குப் பழகியிருக்கும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் தவணையும் முடிந்திருக்கும்.

கேள்வி: 30 வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். செம்பில் நல்ல செம்பு, கலப்படச் செம்பு தெரியும். ஆக்சிஜன் இல்லாத செம்பு, வெள்ளிக் கம்பி, தங்க முலாம் பின் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அவற்றால் பாட்டு மாறுமா? (வாசகர், கணபதி, கோவை)

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி என்னைவிட உங்களுக்கு அதிகம். ஆனாலும் கணக்கைத் தருகிறேன்.

மின்கம்பிக்கு வழக்கமாகப் பயன்படும் செம்பின் தூய்மை 99.9 விழுக்காடு. ஆக்சிஜன் நீக்கிய செம்பு 99.95 விழுக்காடு, அதற்கு மேலும் உண்டு. மின்கடத்தும் திறனில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒன்றுதான். ஆக்சிஜனை நீக்குவதற்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. ஹைட்ரஜன் வாயு உள்ள இடத்தில் அதிகமாகச் சூடாக்கினால் சாதாரணச் செம்பு நொறுங்கும் தன்மை அடையும். வெற்றிடக் குழாய் போன்றவற்றைச் செய்கிற தொழிற்சாலைக்கு அது ஆகாது. பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெள்ளி, செம்பைவிட நூற்றில் ஆறு பங்கு நன்றாகக் கடத்தும். செம்புக் கம்பியின் குறுக்குப்பரப்பை நூற்றில் அந்த ஆறு பங்கு கூட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும். தங்கமோ செம்பைவிடக் குறைவாகவே கடத்துகிறது. அது களிம்பு ஏறாது என்பதற்காகப் பின்னின் முனையில் பூசுகிறார்கள். அது பயனுள்ள வேலைதான், பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

ஆனால் உங்களுக்கு உடனே விளங்கக்கூடிய ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கரைப் பிரித்துப் பாருங்கள். காந்தத்தின் இடுக்கில், கூம்பின் அடியில், எனாமல் பூசிய மெல்லிய கம்பியால் சுற்றிய ஒரு காயில் இருக்கும். மல்டிமீட்டரை வைத்தால், 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரில் பெரும்பாலும் 6 ஓம் அளவில் காட்டும். பல மீட்டர் நீளமுள்ள சாதாரண வைண்டிங் கம்பி அது; சில ஸ்பீக்கர்களில் அலுமினியக் கம்பியாகக்கூட இருக்கும். இசைக்குரிய மின்னோட்டம் அத்தனையும் அந்த 6 ஓம் வழியாகத்தான் ஓடியாக வேண்டும். வெளியே உள்ள 0.08 ஓம் கம்பியில் ஆக்சிஜன் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதால், உள்ளே இருக்கும் அந்தக் காயிலுக்கு என்ன ஆகப்போகிறது?

கேள்வி: எங்கள் தெருவில் விடிய விடிய விசைத்தறி ஓடுகிறது. ஆம்ப்ளிபயரில் ஒரு உறுமல் இருந்துகொண்டே இருக்கிறது. 18,000 ரூபாய் பவர் கார்டு போட்டால் மின்சாரம் சுத்தமாகும் என்கிறார்கள். (வாசகர், சோமனூர்)

பதில்: உங்கள் வீட்டு மின்சாரம் நீலகிரியின் குந்தா மின்நிலையத்திலிருந்து வருவதாகவே வைத்துக்கொள்வோம். மலையிறங்கி, கோபுரக் கம்பிகளில் பல பத்துக் கிலோமீட்டர் ஓடி, துணைமின் நிலையங்களைக் கடந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இறங்கி, அலுமினியக் கம்பியில் உங்கள் வீட்டு மீட்டருக்கு வந்து, சுவருக்குள் உள்ள வயரிங்கைத் தாண்டி பிளக்குக்கு வருகிறது அந்த மின்சாரம். கடைசி ஒன்றரை மீட்டர் கார்டு, அதற்கு முன் நேர்ந்த எதையும் கழுவிவிட முடியாது. ஆம்ப்ளிபயருக்குள் போனதும் அது டிரான்ஸ்பார்மரில் குறைக்கப்பட்டு, டையோடுகளால் நேர்மின்னோட்டமாக்கப்பட்டு, பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கிய பிறகுதான் இசைக்குப் பயன்படுகிறது. உண்மையான சுத்திகரிப்பு அங்கேதான் நடக்கிறது.

உங்கள் உறுமல் பற்றிச் சொல்கிறேன். தறி மோட்டார்கள் நின்று ஓடும்போது ‘டிக்’ என்ற சொடுக்குச் சத்தம்தான் வரும்; இடைவிடாத உறுமல் வேறு. டிஷ் பெட்டி, டிவி, ஆம்ப்ளிபயர் என்று வெவ்வேறு பிளக்கில் மாட்டியவை தமக்குள் கேபிளால் இணைந்திருந்தால், எர்த் வழியாக ஒரு வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் உறுமல் எழும். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பாருங்கள்; எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அங்கே குற்றம். எல்லாவற்றையும் ஒரே பிளக்கிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டு எர்த் குழியில் ஈரம் இருக்கிறதா, எர்த் கம்பி உண்மையிலேயே பிளக் வரை வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். உறுமல் நிற்கிறது என்பதற்காக எர்த் பின்னை வெட்டிவிட்டு மாட்டுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உலோகப் பெட்டியில் மின்சாரம் கசிந்தால் உயிர் போய்விடும்.

கேள்வி: 40 வருடமாக மைக்செட் கட்டுகிறோம். மாரியம்மன் நோன்புக்குத் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அரை கிலோமீட்டர் மெல்லிய வயரை இழுத்தே பாட வைக்கிறோம். வீட்டுக்குள் 3 மீட்டருக்கு விரல் தடிமன் கேபிள் எதுக்குங்க? வயரு பாடுதுங்களா, குழாய் பாடுதுங்களா? (வாசகர், காங்கேயம்)

பதில்: குழாய்தான் பாடுகிறது. ஆனால் அரை கிலோமீட்டருக்கு அப்பால் அதைப் பாட வைப்பது உங்கள் தொழிலறிவு. அதை மற்ற வாசகர்களுக்கு விளக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி.

30 வாட் ஸ்பீக்கரை, 8 ஓமாக நேரடியாக இணைத்து, ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் 500 மீட்டர் இழுத்தால் என்ன ஆகும்? போக வர ஒரு கிலோமீட்டர்; வயரின் தடை மட்டும் 19.5 ஓம். வருகிற சக்தியில் பத்தில் ஏழு பங்கை வயர் விழுங்கிவிட்டு, மூன்று பங்குக்கும் குறைவாகத்தான் குழாய்க்குக் கொடுக்கும். ஆகவே நீங்கள் அப்படிச் செய்வதில்லை. ஆம்ப்ளிபயரின் பின்புறம் 100 வோல்ட் என்று எழுதிய முனையில் இணைத்து, குழாயின் கழுத்தில், அந்த அழுத்தத்தைக் குழாய்க்கு ஏற்றபடி குறைக்கும் லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மரை வைக்கிறீர்கள். 8 ஓமில் 30 வாட்டுக்கு ஏறத்தாழ 1.9 ஆம்பியர் ஓட வேண்டும். 100 வோல்ட் லைனில் 0.3 ஆம்பியர் போதும். ஆம்ப்ளிபயரின் கண்ணுக்கு அந்தக் குழாய் 333 ஓமாகத் தெரிகிறது. அதற்கு முன்னால் வயரின் 19.5 ஓம் சிறியதாகிவிடுகிறது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தென்னை மரத்துக்குப் போய்ச் சேருகிறது.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் தொடங்கி, மலையிலிருந்து கோவைப் பக்கத்து ஆலைகளுக்கு மின்சாரம் இறங்கியதும் இதே வழியில்தான்: அழுத்தத்தைக் கூட்டு, ஓட்டத்தைக் குறை, கம்பியில் இழப்பு குறையும். தூரம் என்கிற உண்மையான இடையூறு வந்தபோது பொறியாளர்கள் கண்ட தீர்வு அது. கம்பிக்குள் என்ன உலோகத்தைப் போடலாம் என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கவில்லை.

கேள்வி: என் மகன் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். நீளமான கேபிள் போட்டதும் சத்தம் மங்கிவிட்டது என்கிறான். நானும் கேட்டேன், உண்மையாகவே மங்கல். கேபிளால் ஒன்றும் மாறாது என்று எப்படிச் சொல்வது? (வாசகி, ஈரோடு)

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வது முழுக்கச் சரி. கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் பல ஆயிரம் சுற்றுச் சுற்றிய காயில். அதிலிருந்து வரும் மின்சாரம் மிகப் பலவீனமானது. அதனால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை, அதைப் பெரிதும் பாதிக்கிறது. மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்பது கிட்டார் கேபிளுக்கு வழக்கமான அளவு. எடுத்துக்காட்டாக, 3 ஹென்றி பிக்கப்போடு 3 மீட்டர் கேபிள் போட்டால் 4,600 ஹெர்ட்ஸ் அருகில் நிற்கிற பளபளப்பு, 10 மீட்டர் கேபிளில் 2,800 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இதைக் கேட்க விசேஷமான காது வேண்டாம். கேபிளைச் சுருக்குங்கள், மேடையில் நீளம் வேண்டும் என்றால் கிட்டாருக்குப் பக்கத்திலேயே, பலவீனமான சமிக்ஞைக்கு வலுவூட்டி அனுப்புகிற ஒரு பஃபர் பெட்டியை வைக்கச் சொல்லுங்கள். இங்கேயும் காரணம் கேபிளின் நீளமும் கெப்பாசிட்டன்ஸும்தான். இரண்டும் அளந்து பார்க்கக்கூடியவை. விலை அதிகமான கிட்டார் கேபிளும் 10 மீட்டர் இருந்தால் மங்கத்தான் செய்யும். வீட்டுப் பிளேயரின் நிலை வேறு. அது தன் சமிக்ஞையை வலுவோடு தள்ளுகிறது. ஒன்றரை மீட்டர் கேபிளின் கெப்பாசிட்டன்ஸால் வருகிற விளைவு, காதுக்கு எட்டாத பத்து லட்சம் ஹெர்ட்ஸுக்கும் மேலே போய்விடுகிறது.

கேள்வி: எச்டிஎம்ஐ கேபிள் 600 ரூபாய்க்கும் இருக்கிறது, 14,000 ரூபாய்க்கும் இருக்கிறது. எது? (வாசகர், திருப்பூர்)

பதில்: 600 ரூபாய்க் கேபிள். 4கே டிவிக்கு, நொடிக்கு 18 ஜிகாபிட் என்று குறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். எண்களாகப் போகும் சமிக்ஞை கெட்டால் படத்தில் புள்ளி மின்னும், திரை கறுக்கும், ஒலி விட்டு விட்டு வரும். பாடகரின் குரல் இனிமை குறையும் என்பது நடவாது. 10 மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டி வந்தால் மட்டும் நல்ல தயாரிப்பாகத் தேடுங்கள்.

கேள்வி: நீங்கள் எண்களையே சொல்கிறீர்கள். நான் பொறியியல் படித்தவன்தான். ஆனால் புதுக் கேபிள் மாட்டிய அன்று வீணையின் மீட்டு தனித்தனியாகப் பிரிந்து கேட்டதை என் காதால் கேட்டேன். என் காதைப் பொய் என்கிறீர்களா? (வாசகர், கோவை)

பதில்: இல்லை. நீங்கள் கேட்டது உண்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் கேபிள்தானா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

கேபிளை மாற்றும்போது வேறு பலவும் மாறுகின்றன. ஆம்ப்ளிபயரை அணைத்து, குனிந்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட நான்கைந்து நிமிடம் ஆகிறது. நுட்பமான ஒலி வேறுபாடு நினைவில் நிற்பது சில விநாடிகள்தான். கழற்றி மாட்டியதில் பழைய முனையிலிருந்த களிம்பு உரசிப் போயிருக்கலாம். திரும்பி வந்து உட்காரும்போது தலை பழைய இடத்திலிருந்து ஒரு கை அகலம் தள்ளியிருக்கும். 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 7 சென்டிமீட்டர்தான் என்பதால், அவ்வளவு நகர்ந்தாலே சுவரில் பட்டு வரும் ஒலியோடு அது கலக்கும் விதம் மாறிவிடும். ஒலிக்குமிழை மயிரிழை கூட்டி வைத்திருந்தால், சத்தம் கூடியது என்று தோன்றாது. தெளிவு கூடியது என்றே தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்து, முன்பு கேட்காத கவனத்தோடு கேட்கிறோம். வீணையின் மீட்டு முதலிலிருந்தே அந்தப் பதிவில் இருந்தது.

சரவணம்பட்டியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் இருக்கிறார். கட்டைவிரல் தடிமனில், நீல வலையுறை போட்ட கேபிள் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் சம்மதத்தோடு சோதனை செய்தோம். காந்திபுரத்துக் கடையில் வாங்கிய ரெண்டரை ஸ்கொயர் வயரை அதே நீளத்துக்கு வெட்டி, இரண்டையும் ஒரு மாற்றுச் சுவிட்சில் இணைத்து, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து இரண்டுக்கும் அளவு சமம் என்று சரிபார்த்தேன். ஆம்ப்ளிபயரையும் சுவிட்சையும் சென்னிமலைப் போர்வையால் மூடினோம். அவருடைய மகள் போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து, நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் மற்றொன்று என்று மாற்றினாள். எங்கள் இருவருக்கும் அவள் முகம் தெரியவில்லை. போர்வை போடுவதற்கு முன், சுவிட்சைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது, நண்பர் ஒவ்வொரு தடவையும் தன் கேபிளைச் சரியாகச் சொன்னார். போர்வை போட்ட பிறகு 16 தடவையில் 7 சரி. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இன்னொருக்கா பாத்தரலாமுங்க” என்றார். மறுபடி 16, இம்முறை 9.

காதைக் குறை சொல்ல வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதே மாலையில் இடது ஸ்பீக்கரின் ஒரு முனை திருகு தளர்ந்திருந்ததை, நான் பார்ப்பதற்கு முன்பே கேட்டுச் சொன்னவர் அவர்தான்.

நீங்களும் செய்து பாருங்கள். 16 தடவையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நேர்வதற்கு நூற்றில் நான்கு வாய்ப்புக்கும் குறைவு. அப்போது நான் உங்கள் வீட்டுக்கே வந்து, அந்தக் கேபிளில் என்ன வேறுபாடு இருக்கிறது என்று உங்களோடு உட்கார்ந்து அளந்து பார்க்கிறேன். இந்த முறை என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. டேவிட் கிளார்க் என்பவர் 1982-இல் அமெரிக்க ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் இதற்கான கருவியையும் வழிமுறையையும் விளக்கியிருக்கிறார். அதிசயம் என்று சொல்லப்படுபவற்றைச் சோதித்துப் பார்த்து வந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி 2007-இல், 7,250 டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து பார்க்காமல் பிரித்துச் சொல்பவருக்குத் தன் அறக்கட்டளையின் 10 லட்சம் டாலர் பரிசைத் தருவதாக அறிவித்தார். கேபிளைத் தர வேண்டிய நிறுவனம் விலகிக்கொண்டதால் சோதனை நடக்கவில்லை. தன் பொருளில் நம்பிக்கை உள்ள ஒரு தயாரிப்பாளர் அந்த வாய்ப்பை ஏன் விட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேள்வி: சரி, விலை குறைந்ததையே வாங்குகிறேன். அதில் ஏமாறாமல் இருப்பது எப்படி? (வாசகர், கரூர்)

பதில்: இங்கேதான் உண்மையான மோசடி இருக்கிறது. செம்பு என்று சொல்லி, அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்திய வயரை விற்கிறார்கள். அதே தடிமனில் அதன் தடை, செம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும். ஒரு இழையைப் பிரித்துக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள வீட்டு வயரிங் வயரில் 2.5 சதுர மில்லிமீட்டர், பல இழை உள்ளதாகக் கேளுங்கள்.

மாட்டும்போது இழைகளை நன்றாக முறுக்கி, ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடாதபடி இறுக்குங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சிவப்பு முனை சிவப்புக்கே போக வேண்டும். ஒன்றில் மாறிப் போனால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்காமல் கலைந்து போவார். முனையில் நிறம் அழிந்திருந்தால், ஆம்ப்ளிபயரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, கழற்றிய அந்த வயர் நுனிகளில் 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். செல்லின் மேல்முனை பட்ட கம்பி சிவப்பு முனைக்குப் போவதாக இருந்தால் பெரிய கூம்பு வெளியே குதிக்கும். உள்ளே போனால் கம்பியை மாற்றி மாட்டுங்கள்.